சீனாவில் பிறக்கும் தமிழ்க் குழந்தை எந்த நாட்டுக் குடிமகன்? 60 நாள், 1 வருடம்... பெற்றோர் மறக்கக்கூடாத இரண்டு கெடுக்கள்!

கீழ்பென்னாத்தூரில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி எடுத்தால் 108-க்கு போன் போடுவார்கள். திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போக ஒரு மணி நேரம்கூட ஆகாது. குழந்தை பிறந்ததும் பையனா, பொண்ணா என்று கேட்பார்கள், எடை எவ்வளவு என்று கேட்பார்கள். குழந்தை எந்த நாட்டுப் பிரஜை என்று மட்டும் யாரும் கேட்க மாட்டார்கள். கேட்கவும் தேவையில்லை.

அதே பெண் கணவரோடு சீனாவில் இருக்கும்போது குழந்தை பிறந்தால் அந்தக் கேள்விதான் முதலில் வந்து நிற்கும். பதில் கொஞ்சம் பயமுறுத்தும்படி இருக்கும்: பேப்பர் வேலை முடியும் வரை, அந்தக் குழந்தை சீனக் குடிமகனும் இல்லை, சட்டப்படி இந்தியக் குடிமகனும் ஆகிவிடவில்லை.

பயப்பட வேண்டாம். கெடுவுக்குள் செய்தால் எல்லாமே சரியாகிவிடும் வேலைதான். ஆனால் கெடுவைத் தவறவிட்டால் என்ன ஆகும், ஊருக்கு வந்து பெற்றுக்கொள்வது நல்லதா, அம்மாவை அங்கே வரவழைக்க முடியுமா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சீனாவில் யார் இருக்கிறார்கள்?

துணி, பொம்மை, எலெக்ட்ரானிக்ஸ் வாங்கி அனுப்பும் வியாபாரிகள் குவாங்சோவிலும் யிவூவிலும் இருக்கிறார்கள். ஷென்சென், ஷாங்காய் பக்கம் ஐ.டி., உற்பத்தித் துறை ஆட்கள். இதைத் தவிர மருத்துவம் படிக்கப் போன மாணவர்கள். வளைகுடா நாடுகள் அளவுக்குப் பெரிய கூட்டம் இல்லை. அதனாலேயே பக்கத்து வீட்டில் விசாரித்துத் தெரிந்துகொள்ள ஆள் கிடைப்பதும் கஷ்டம்.

(சும்மா ஒரு தகவல்: தமிழர்களுக்கும் சீனாவுக்கும் உள்ள தொடர்பு நேற்றைக்கு வந்தது இல்லை. தென்கிழக்குச் சீனாவின் சுவான்சோ துறைமுக நகரில் தமிழ் வணிகர்கள் சிவன் கோயில் கட்டியிருந்தார்கள். அங்கே கிடைத்த தமிழ்க் கல்வெட்டின் ஆண்டு கி.பி. 1281. அவர்களுக்கு விசா, பாஸ்போர்ட் தொல்லை எல்லாம் இல்லை, கொடுத்து வைத்தவர்கள்!)

சீனாவில் பிறந்தால் சீனக் குடியுரிமை கிடைக்குமா?

கிடைக்காது. அமெரிக்காவில் பிறக்கும் குழந்தைகள் பற்றிக் கேள்விப்பட்ட ஞாபகத்தில், பிறந்த மண்ணே குடியுரிமை கொடுத்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். சீனாவில் கணக்கு வேறு. 1980-ல் வந்த சீனக் குடியுரிமைச் சட்டப்படி, அப்பா அம்மா இருவரில் ஒருவராவது சீனக் குடிமகனாக இருந்தால்தான் அங்கே பிறக்கும் குழந்தை சீனக் குடிமகன். பெற்றோர் எந்த நாட்டையும் சேராதவர்களாக இருந்து, சீனாவிலேயே நிலையாகக் குடியேறியிருந்தால் அதற்குத் தனி விதிவிலக்கு உண்டு. இந்திய பாஸ்போர்ட் வைத்திருக்கும் தம்பதிக்கு இது இரண்டுமே பொருந்தாது.

அப்போ இந்தியக் குடியுரிமை தானா வந்துடும் தானே?

இங்கேதான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். "நாங்க ரெண்டு பேரும் இந்தியன், குழந்தையும் இந்தியன்தானே" என்பது நியாயமான பேச்சுதான். ஆனால் சட்டம் அதோடு ஒரு நிபந்தனையைச் சேர்த்திருக்கிறது.

இந்தியக் குடியுரிமைச் சட்டம் 1955-ன் 4-வது பிரிவு வெளிநாட்டில் பிறக்கும் குழந்தைகளைப் பற்றியது. இந்தப் பிரிவு இரண்டு முறை பெரிதாக மாறியிருக்கிறது. ஒரு காலத்தில் அப்பா இந்தியராக இருந்தால்தான் குழந்தைக்குக் குடியுரிமை. அம்மா மட்டும் இந்தியர் என்றால் செல்லாது. 1992 டிசம்பர் 10-லிருந்துதான் இருவரில் யாராவது ஒருவர் இந்தியராக இருந்தால் போதும் என்று ஆனது. (அதுவரை அம்மா கணக்கிலேயே இல்லை என்பதை இப்போது படித்தால் ஆச்சரியமாகத்தான் இருக்கிறது.)

அடுத்த மாற்றம் 2004 டிசம்பர் 3. அந்தத் தேதியிலிருந்து வெளிநாட்டில் பிறக்கும் குழந்தை இந்தியக் குடிமகன் ஆக வேண்டுமானால், பிறந்த 1 வருடத்துக்குள் அந்த நாட்டில் உள்ள இந்தியத் தூதரகத்தில் பிறப்பைப் பதிவு செய்ய வேண்டும். "இந்தக் குழந்தையிடம் வேறு நாட்டு பாஸ்போர்ட் இல்லை" என்று பெற்றோர் உறுதிமொழியும் தர வேண்டும். பதிவு செய்தால் குடிமகன். செய்யாவிட்டால் இல்லை.

1 வருடம் தாண்டிவிட்டால் கதவு மொத்தமாக மூடிவிடாது. மத்திய அரசின் அனுமதி வாங்கிப் பதிவு செய்யலாம். ஆனால் தூதரகத்தோடு முடிய வேண்டிய வேலை டெல்லி வரை போகும். அதுவரை குழந்தைக்கு பாஸ்போர்ட் இல்லை. பாஸ்போர்ட் இல்லை என்றால் விமானமும் இல்லை. தாத்தா பாட்டியைப் பார்க்க ஊருக்குக் கூட்டி வருவது எப்படி?

எந்தத் தூதரகத்துக்குப் போக வேண்டும்?

நீங்கள் இருக்கும் மாகாணத்தைப் பொறுத்தது. குவாங்சோ, ஷென்சென் இருக்கும் குவாங்டோங் மாகாணத்தவர்களுக்கு குவாங்சோ துணைத் தூதரகம். ஷாங்காய்க்காரர்களுக்கும், யிவூ இருக்கும் செஜியாங் மாகாணத்தவர்களுக்கும் ஷாங்காய் துணைத் தூதரகம். தலைநகரில் பெய்ஜிங் தூதரகம். ஹாங்காங்கில் தனித் துணைத் தூதரகம் இருக்கிறது.

பிறப்புப் பதிவுக்கும் பாஸ்போர்ட்டுக்கும் சேர்த்தே விண்ணப்பிப்பது வழக்கம். மருத்துவமனை தரும் சீனப் பிறப்புச் சான்றிதழ், அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு, அப்பா அம்மா பாஸ்போர்ட், திருமணச் சான்றிதழ், குழந்தையின் போட்டோ, அந்தக் குட்டிக் கட்டைவிரலின் ரேகை எல்லாம் கேட்பார்கள். சான்றிதழை எந்த வடிவில் சான்றொப்பம் வாங்கித் தர வேண்டும் என்பது அவ்வப்போது மாறக்கூடியது. அதனால் பிரசவத்துக்கு முன்பே, ஏழெட்டு மாதத்திலேயே தூதரக இணையதளத்தைப் பார்த்து லிஸ்ட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

திருமணச் சான்றிதழ் என்றதும் ஒரு விஷயம். கல்யாணப் பத்திரிகையும் மண்டப போட்டோவும் இதற்குச் செல்லாது. தமிழ்நாட்டில் 2009 நவம்பர் 24-லிருந்து எல்லாத் திருமணங்களையும் 90 நாளுக்குள் பதிவு செய்வது கட்டாயம். ஊர்க் கோயிலில் தாலி கட்டி, பதிவை "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று விட்டுவிட்டு விமானம் ஏறியவர்கள், ஊரில் இருக்கும்போதே சார்-பதிவாளர் அலுவலகம் போய் முடித்துவிடுவது நல்லது. தம்பதி இருவரும் குவாங்சோவில் உட்கார்ந்துகொண்டு கீழ்பென்னாத்தூரில் நடந்த கல்யாணத்தைப் பதிவு செய்வது எவ்வளவு அலைச்சல் என்று யோசித்துப் பாருங்கள்.

60 நாள் கணக்கு என்ன?

1 வருடம் என்றதும் நிறைய நேரம் இருக்கிறதே என்று தோன்றும். சீனா அவ்வளவு நேரம் கொடுக்காது.

2013 ஜூலை 1-ல் நடைமுறைக்கு வந்த சீன வெளியேறல் - நுழைவு நிர்வாகச் சட்டம் சொல்வது இது: சீனாவில் வெளிநாட்டவருக்குக் குழந்தை பிறந்தால், 60 நாளுக்குள் பெற்றோர் பிறப்புச் சான்றிதழோடு உள்ளூர் போலீஸின் குடிவரவுப் பிரிவுக்குப் போய், குழந்தைக்குத் தங்கும் அனுமதி அல்லது குடியிருப்பு அனுமதி வாங்க வேண்டும்.

யோசித்துப் பார்த்தால் குழந்தை சீனாவுக்குள் நுழையவே இல்லை, அங்கேயே பிறந்தது. அதனால் அதன் பாஸ்போர்ட்டில் விசாவும் இருக்காது, நுழைவு முத்திரையும் இருக்காது. இந்த அனுமதிதான் அதற்கு முதல் விசா மாதிரி. இது இல்லாமல் ஊருக்குக் கிளம்பினாலும் விமான நிலையத்தில் நிறுத்திவிடுவார்கள்.

சிக்கல் என்னவென்றால், அந்த அனுமதியை ஒட்டுவதற்குக் குழந்தைக்கு பாஸ்போர்ட் வேண்டும். பாஸ்போர்ட்டுக்கு இந்தியத் தூதரகப் பதிவு வேண்டும். பதிவுக்கு மருத்துவமனைச் சான்றிதழும் மொழிபெயர்ப்பும் வேண்டும். ஆக 60 நாள் என்பது உண்மையில் 60 நாள் இல்லை. முதல் இரண்டு வாரத்துக்குள் தூதரக வேலையை ஆரம்பித்தால்தான் நிம்மதி. அம்மா எழுந்து நடக்கவே சிரமப்படும் நாட்கள் அவை. பேப்பர் அலைச்சல் முழுக்க அப்பா தலையில்தான் விழும், விழவும் வேண்டும்.

கெடு தாண்டினால்? சட்டவிரோதமாகத் தங்கும் பெரியவர்களுக்கு அங்கே ஒரு நாளைக்கு 500 யுவான் வீதம் அதிகபட்சம் 10,000 யுவான் வரை அபராதம் உண்டு. 16 வயதுக்குக் கீழே உள்ளவர் என்றால் கடமையைச் செய்யாத பெற்றோருக்கு எச்சரிக்கையும் 1,000 யுவான் வரை அபராதமும் விதிக்கலாம். நம்ம ஊர்ப் பணத்தில் ஏறக்குறைய ரூ.12,000. காசு ஒரு பக்கம் இருக்கட்டும். வருடா வருடம் விசா புதுப்பிக்க வேண்டிய குடும்பத்துக்கு, குடிவரவுப் பிரிவில் ஒரு மீறல் பதிவாகி இருப்பது நல்லதில்லை.

பெயரை எப்போது முடிவு செய்ய வேண்டும்?

நம்ம வழக்கத்தில் 11-ஆம் நாளோ 16-ஆம் நாளோ 30-ஆம் நாளோ தொட்டில் போட்டுப் பெயர் வைப்போம். ஜாதகம் பார்த்து, முதல் எழுத்து கேட்டு, குலதெய்வப் பெயரா தாத்தா பெயரா என்று இரண்டு குடும்பமும் பேசி முடிக்கவே நாளாகும். தமிழ்நாட்டில் இதற்குச் சட்டமும் இடம் கொடுக்கிறது. பிறப்பைப் பெயர் இல்லாமலே பதிவு செய்துவிட்டு, 12 மாதத்துக்குள் கட்டணம் இல்லாமல் பெயரைச் சேர்க்கலாம்.

சீனாவில் பிறப்புச் சான்றிதழ் வாங்கும்போதே பெயரைக் கொடுத்தாக வேண்டும். ஒரு தடவை அச்சான பெயரை மாற்றுவது லேசான காரியம் இல்லை. இந்தச் சான்றிதழில் உள்ள எழுத்துக்கூட்டல்தான் இந்திய பாஸ்போர்ட்டுக்கும் போகும், பிறகு பள்ளிக்கூடத்துக்கும் போகும்.

இனிஷியல் இன்னொரு தலைவலி. ஊரில் அப்பா பெயர் முருகன், குழந்தை பெயர் கவின் என்றால் 'மு.கவின்' என்று எழுதிவிட்டுப் போய்விடுவோம். பாஸ்போர்ட்டில் இனிஷியல் செல்லாது, விரித்து எழுத வேண்டும். குடும்பப் பெயர், சொந்தப் பெயர் என்று இரண்டு கட்டம் இருக்கும். நமக்கோ குடும்பப் பெயரே கிடையாது! கவின் முருகனா, முருகன் கவினா என்பதை அப்பா, அம்மா பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஆங்கில எழுத்து ஒவ்வொன்றாகப் பார்த்து, ஒரு தாளில் எழுதி மருத்துவமனைப் பையிலேயே வைத்துவிடுங்கள். பையனுக்கு ஒன்று, பொண்ணுக்கு ஒன்று.

ஏன் இரண்டு? ஏனென்றால் என்ன குழந்தை என்று அங்கேயும் முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள். இந்தியாவில் 1994-ல் சட்டம் போட்டுத் தடுத்தது போல, மருத்துவக் காரணம் இல்லாமல் கருவின் பாலினம் பார்த்துச் சொல்வது சீனாவிலும் தடை. காரணமும் ஒன்றுதான். ஆண் குழந்தை மோகம் இரண்டு நாட்டுக்கும் பொது.

அங்கே பிரசவச் செலவை யார் கொடுப்பது?

வேலைக்குப் போகிறவர் யார் என்பதைப் பொறுத்தது. 2011 அக்டோபர் 15-லிருந்து, சீனாவில் முறையான வேலை அனுமதியோடு பணிபுரியும் வெளிநாட்டவரையும் அந்நாட்டின் சமூகக் காப்பீட்டில் சேர்க்க வேண்டும் என்பது விதி. மகப்பேறு காப்பீடும் அதில் அடக்கம். தேசிய அளவில் மகப்பேறு விடுப்பு 98 நாள், மாகாணங்கள் அதற்கு மேல் கூட்டிக் கொடுக்கின்றன. மனைவிதான் வேலையில் இருக்கிறார் என்றால் முதல் வேலையாக நிறுவனத்தின் மனிதவளப் பிரிவில் "எனக்கு மகப்பேறு காப்பீடு கட்டுகிறீர்களா?" என்று கேட்டுவிடுங்கள்.

ஆனால் நம்ம ஆட்களில் பெரும்பாலும் கணவர் வேலைக்கு, மனைவி குடும்ப விசாவில். அந்த விசாவில் வேலை பார்க்க முடியாது, அதனால் சொந்தமாக அந்தக் காப்பீடும் இல்லை. தனியார் காப்பீடு எடுத்தால் பிரசவச் செலவுக்கு பல மாதக் காத்திருப்புக் காலம் வைத்திருப்பார்கள். உண்டான பிறகு எடுத்துப் பயனில்லை. சீன மருத்துவமனைகளில் சேரும்போதே முன்பணம் கட்டச் சொல்வது சாதாரணம்.

அரசு மருத்துவமனைகளில் சாதாரணப் பிரிவு என்றும், கூடுதல் கட்டணத்தில் சிறப்புப் பிரிவு அல்லது வெளிநாட்டவர் பிரிவு என்றும் பெரிய நகரங்களில் இருக்கும். சாதாரணப் பிரிவில் டாக்டர்கள் திறமையானவர்கள், செலவும் குறைவு. பிரச்சினை மொழி. வலி வந்து துடிக்கும் நேரத்தில் போனில் மொழிபெயர்ப்பு ஆப்பைத் திறந்து பேசிக்கொண்டிருக்க முடியாது. பல இடங்களில் கணவரைப் பிரசவ அறைக்குள் விடுவதும் இல்லை. சீன மொழி தெரிந்த ஒருவரை, முடிந்தால் ஒரு பெண்ணை, அந்த நாளுக்கு முன்கூட்டியே சொல்லி வைப்பது வெளிநாட்டவர் பிரிவுக்குக் கொட்டிக் கொடுப்பதைவிடப் புத்திசாலித்தனம் என்பது என் கருத்து.

பத்தியம் அங்கேயும் உண்டு!

நம்ம பாட்டிகள் கேட்டால் சந்தோஷப்படும் விஷயம் இது. பிள்ளை பெற்றவளை ஒரு மாதம் வீட்டை விட்டு வெளியே விடாத பழக்கம் சீனாவில் இன்றைக்கும் பலமாக இருக்கிறது. 'சுவோ யுவேஸி' என்பார்கள். 'மாதம் உட்காருதல்' என்று அர்த்தம். பச்சைத் தண்ணீர் குடிக்கக்கூடாது, காற்று படக்கூடாது, தலைக்குக் குளிக்கக்கூடாது, இஞ்சி சேர்க்க வேண்டும், சூடாகவே சாப்பிட வேண்டும். எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? நம்ம வீட்டில் பூண்டுக் குழம்பும் சுறா புட்டும் பிரசவ லேகியமும் என்றால், அங்கே நாட்டுச் சர்க்கரை கலந்த வெந்நீர், சிவப்புப் பேரீச்சை, பால் சுரக்கப் பன்றிக்கால் சூப்.

இந்த ஒரு மாதத்துக்காகவே ஹோட்டல் மாதிரி தனி விடுதிகள் நடக்கின்றன. வீட்டோடு வந்து தங்கித் தாயையும் சேயையும் பார்த்துக்கொள்ள 'யுவேசாவ்' என்ற பயிற்சி பெற்ற அம்மாக்களும் கிடைப்பார்கள். சம்பளம் அதிகம். சைவம் சாப்பிடும் குடும்பமாக இருந்தால் சமையல் விஷயத்தை முதல் நாளே பேசிவிட வேண்டும், இல்லாவிட்டால் சூப்பில் என்ன மிதக்கிறது என்று தினமும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான். லேகியத்துக்கு வேண்டிய திப்பிலி, சதகுப்பை, ஓமம் எல்லாம் அங்கே தேடுவதைவிட ஊரிலிருந்து கிளறியே எடுத்துப் போவது மேல். எதைக் கொண்டு வரலாம் என்று சுங்க விதியை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பொண்ணோட அம்மா சீனாவுக்கு வந்து கூட இருக்க முடியுமா?

முடியும். சீனாவில் வேலை பார்க்கும் அல்லது படிக்கும் வெளிநாட்டவரின் குடும்பத்துக்கு 'எஸ்' வகை விசா இருக்கிறது. 180 நாள் வரை தங்க எஸ்-2, அதற்கு மேல் என்றால் எஸ்-1. மனைவி, கணவன், 18 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகள், பெற்றோர் மட்டுமில்லை, மாமனார் மாமியாரும் இந்தப் பட்டியலில் இருக்கிறார்கள். ஆக வேலை பார்ப்பது மருமகன் என்றாலும் அவரை வைத்து மாமியார் விசா கேட்கலாம். உறவைக் காட்டும் சான்றிதழ் வேண்டும். பொண்ணோட பிறப்புச் சான்றிதழில் அம்மா பெயரும், அம்மாவின் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்கிறதா என்று இப்போதே எடுத்துப் பாருங்கள். பழைய சான்றிதழ்களில் 'அஞ்சலை', பாஸ்போர்ட்டில் 'அஞ்சலாட்சி' என்று இருப்பதெல்லாம் நம்ம பக்கம் சர்வ சாதாரணம்.

சென்னையில் சீனத் தூதரக அலுவலகம் எதுவும் இல்லை. டெல்லியில் தூதரகம், மும்பையிலும் கொல்கத்தாவிலும் துணைத் தூதரகங்கள். அதனால் விசாவுக்கு ஓடும் நாட்களையும் கணக்கில் சேருங்கள்.

வந்து இறங்கியதும் ஒரு வேலை. ஹோட்டலில் இல்லாமல் வீட்டில் தங்கும் வெளிநாட்டவர், வந்த 24 மணி நேரத்துக்குள் உள்ளூர் போலீஸில் தங்குமிடத்தைப் பதிவு செய்ய வேண்டும். அம்மா வந்து, சாப்பாடு கட்டி, ஊர்க் கதை பேசி, தூங்கி எழுந்தால் ஒரு நாள் போய்விடும். முதலில் போலீஸ் பதிவு, அப்புறம் ஊர்க் கதை.

போனில் முகம் பார்க்கலாம் என்றால்?

பாட்டிக்குத் தெரிந்தது வாட்ஸ்அப். சீனாவில் வாட்ஸ்அப்புக்குத் தடை. சீனாவில் எல்லாவற்றுக்கும் உதவுவது வீசாட். இந்தியாவில் வீசாட்டுக்குத் தடை, 2020 ஜூனில் 59 சீன ஆப்களைத் தடை செய்தபோது அதுவும் போய்விட்டது. இரண்டு அரசாங்கமும் சேர்ந்து பாட்டிக்கும் பேரனுக்கும் நடுவே சுவர் வைத்த கதை! இந்திய சிம் கார்டை ரோமிங்கில் போட்டால் வாட்ஸ்அப் வேலை செய்யும், ஆனால் செலவு பிடிக்கும். இரண்டு பக்கமும் திறக்கிற ஆப் ஒன்றைப் பிரசவத்துக்கு முன்பே பாட்டி போனில் போட்டுப் பழக்கிவிடுங்கள்.

இவ்வளவு எதுக்கு, ஊருக்கே வந்துடலாமா?

தலைப்பிரசவம் அம்மா வீட்டில்தான் என்ற வழக்கம் நமக்கு இருக்கிறது. இந்தியாவில் பிறக்கும் குழந்தைக்கு, அப்பா அம்மா இருவரும் இந்தியர் என்றால் குடியுரிமை பிறப்பிலேயே உண்டு, தூதரகப் பதிவும் 1 வருடக் கெடுவும் கிடையாது. பெரிய நிம்மதி அது.

ஆனால் தேதிகளைப் பார்க்க வேண்டும். விமான நிறுவனங்கள் பொதுவாக 28 அல்லது 32 வாரத்துக்கு மேல் டாக்டர் சான்றிதழ் கேட்கும். ஒற்றைக் குழந்தை என்றாலும் 36 வாரம் தாண்டினால் பெரும்பாலும் ஏற்றாது. இரட்டைக் குழந்தை என்றால் இன்னும் முன்பே நிறுத்திவிடும். நம்ம கணக்கில் ஏழாம் மாதம் என்பது டாக்டர் கணக்கில் கிட்டத்தட்ட 27 முதல் 30 வாரம். ஒன்பதாம் மாதம் 35-வது வாரத்திலேயே தொடங்கிவிடும். ஆக ஏழாம் மாத வளைகாப்புக்கு வருவதுதான் பொருத்தம். "ஒன்பதில் நல்ல நாள் இருக்கு, அப்போ வா" என்று பெரியவர்கள் சொன்னால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். சென்னையிலிருந்து பெரும்பாலும் சிங்கப்பூர், கோலாலம்பூர், பாங்காக் வழியாக மாறித்தான் போக வேண்டியிருக்கிறது. இந்தியா - சீனா நேரடி விமானங்கள் ஐந்து வருட இடைவெளிக்குப் பிறகு 2025 அக்டோபர் 26-ல் கொல்கத்தா - குவாங்சோ வழியில் மீண்டும் தொடங்கின.

ஊருக்கு வந்ததும் முதலில் கிராம சுகாதார செவிலியரைப் பாருங்கள். தமிழ்நாட்டில் கர்ப்பிணிகளை 'பிக்மி' தளத்தில் பதிவு செய்து ஒரு எண் கொடுப்பார்கள். தனியார் மருத்துவமனையில் பிரசவம் பார்த்தாலும் பிறப்புச் சான்றிதழுக்கு அந்த எண்ணைக் கேட்பார்கள். வெளிநாட்டில் பரிசோதனை எல்லாம் முடித்துவிட்டு ஏழாம் மாதத்தில் வருபவர்கள் இதைத் தெரியாமல் விட்டுவிட்டு, பிறகு அலைகிறார்கள். சீனாவில் எடுத்த ஸ்கேன், ரத்தப் பரிசோதனை அறிக்கைகளை ஆங்கிலத்தில் வாங்கி வருவதும் முக்கியம். சீன எழுத்தில் இருக்கும் ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு இங்கே டாக்டர் என்ன செய்வார்?

குழந்தை பிறந்ததும் 21 நாளுக்குள் பிறப்புப் பதிவு. 2023 அக்டோபர் 1-க்குப் பிறகு பிறந்தவர்களுக்கு பாஸ்போர்ட் எடுக்கப் பிறந்த தேதிக்கான ஆதாரம் பிறப்புச் சான்றிதழ் மட்டும்தான். குழந்தை பாஸ்போர்ட்டுக்கு அப்பா அம்மா இருவர் சம்மதமும் வேண்டும் என்பதால், சீனாவிலேயே இருக்கும் அப்பா அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் உறுதிமொழியில் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டி வரலாம். அதற்குப் பிறகு குழந்தைக்கு சீன விசா. எல்லாம் சேர்ந்து அப்பா குழந்தையைக் கையில் தூக்க சில மாதம் ஆகிவிடும்.

சில மாதம் என்பது வருடமாகவும் ஆகியிருக்கிறது. 2020 மார்ச் 28-லிருந்து கொரோனாவைக் காரணம் காட்டி வெளிநாட்டவர் நுழைவை சீனா நிறுத்தியது. இடையில் சிலருக்குத் தளர்த்தினாலும், அதே ஆண்டு நவம்பரில் இந்தியாவில் இருப்பவர்களுக்கு மறுபடி கதவை மூடியது. செல்லுபடியாகும் விசா, குடியிருப்பு அனுமதி கையில் இருந்தும் போக முடியவில்லை. வேலை பார்ப்பவர்களின் குடும்பத்தினருக்கு விசா மீண்டும் கிடைக்க ஆரம்பித்தது 2022 ஜூனில்தான். கணவர் ஒரு நாட்டில், மனைவி பிள்ளைகள் ஒரு நாட்டில் என்று அந்த இரண்டு வருடமும் மாட்டிக்கொண்ட இந்தியக் குடும்பங்கள் இருந்தன. எந்த ஊரில் பெறுவது என்று முடிவெடுக்கும்போது, பிரசவத்துக்குப் பின் எப்போது ஒன்று சேருவோம் என்பதையும் சேர்த்தே யோசிப்பது நல்லது என்று சொல்வது இதனால்தான்.

கணவன் மனைவியில் ஒருவர் சீனர் என்றால்?

சீனாவில் பிறந்தால் சீனச் சட்டப்படி குழந்தை சீனக் குடிமகன். சீனா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை, இந்தியாவும் ஏற்பதில்லை. ஏதாவது ஒன்றைத்தான் எடுக்க முடியும். எந்த நாட்டு பாஸ்போர்ட்டுக்கு முதலில் விண்ணப்பிக்கிறீர்கள் என்பதே குழந்தையின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கும் என்பதால் தூதரகத்தில் கேட்காமல் எதையும் செய்ய வேண்டாம்.

பெற்றோரே வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கினால் என்ன ஆகும் என்பதற்கு சிங்கப்பூரில் நடந்த ஒரு வழக்கு உதாரணம். குழந்தை வயிற்றில் இருக்கும்போதே, 1998 டிசம்பரில் பெற்றோர் சிங்கப்பூர் குடியுரிமை பெற்றார்கள். 1999 மார்ச்சில் மகன் பிறந்தார். வளர்ந்ததும் இந்தியக் குடியுரிமை கேட்டார். கருவில் இருந்தபோது பெற்றோர் இந்தியர்கள்தானே என்ற வாதத்தை ஏற்று 2022-ல் சென்னை உயர் நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 2024 அக்டோபர் 18-ல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. பிறந்த நாளில் பெற்றோர் இந்தியக் குடிமக்களாக இல்லை. மூன்றே மாத இடைவெளிதான்!

திரும்பி வந்து ஊரிலேயே செட்டில் ஆகிறவர்களுக்கு...

சீனாவில் குழந்தைக்குப் போட்ட தடுப்பூசிப் புத்தகத்தைப் பத்திரமாக எடுத்து வாருங்கள். பிறந்ததும் பி.சி.ஜி., ஹெபடைடிஸ்-பி இரண்டு நாட்டிலும் போடுகிறார்கள். போலியோ அட்டவணை மட்டும் வித்தியாசப்படும். இங்கே பிறந்ததுமே சொட்டு மருந்து, அங்கே முதல் இரண்டு தவணை ஊசியாகவே போடுவார்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் புத்தகத்தைக் காட்டினால் விடுபட்டதைப் போட்டுவிடுவார்கள். தேதிகளையும் ஊசிப் பெயர்களையும் அங்கிருந்து கிளம்பும் முன்பே யாரையாவது வைத்து ஆங்கிலத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கடைசியாக, அதிகம் பேருக்குத் தெரியாத ஒரு வழி. வெளிநாட்டில் பிறந்த குழந்தையின் பிறப்பு அங்கே பதிவாகாமல் போயிருந்து, பெற்றோர் நிலையாகக் குடியேற இந்தியா திரும்பினால், குழந்தை இந்தியா வந்து சேர்ந்த 60 நாளுக்குள் உள்ளூர்ப் பிறப்புப் பதிவாளரிடம் பதிவு செய்யலாம். 1969-ஆம் ஆண்டு பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின் 20-வது பிரிவு இதற்கு இடம் தருகிறது. ஆனால் இது பிறப்புச் சான்றிதழுக்கான வழி மட்டுமே. குடியுரிமைக்கு அந்த 1 வருடக் கெடுவும் தூதரகப் பதிவும் தனி.